பாலுக்கு ஈடாகுமா சோயா?

சாரல் காலத்தில் குற்றாலத்துக்கு வருகிறவர்கள் இரண்டு காரியங்களுக்காக வருகிறார்கள். ஒன்று அருவியில் குளிப்பது. மற்றொன்று குளித்தபின் சாப்பிடுவது. அருவித் தண்ணீரில் அரைமணி நேரம் நின்று கரை ஏறியவனுக்கு உண்டாகும் பசி சாமானியப் பசியன்று. அந்தப் பசியை நம்பியே தென்காசியிலிருந்து செங்கோட்டை வரையில் எத்தனையோ உணவுக் கடைகள் நடக்கின்றன. அந்தக் கடைகளில் மாமிசம் புசிக்காதவர்களுக்கென்று ஒரு பண்டம் இப்போது நிலைபெற்றுவிட்டது. பிரியாணியில் அது இருக்கிறது; குருமாவில் இருக்கிறது; கல்யாணப் பந்தியிலும் நுழைந்துவிட்டது. தொட்டால் பஞ்சு போலவும் மென்றால் கறி போலவும் தோன்றும் அந்த உருண்டைக்கு 'மீல் மேக்கர்' என்று பெயர்.

அது என்ன வஸ்து என்று பலரைக் கேட்டுப் பார்த்தேன். ஒருவர் காளான் வகை என்றார். இன்னொருவர் கோதுமை மாவில் செய்வது என்று அடித்துச் சொன்னார். என் வகுப்பு மாணவன் ஒருவன், "அது மரத்திலே காய்க்கிறது, சார்" என்று சொல்லி வகுப்பு முழுவதையும் சிரிக்க வைத்தான். சிரித்தவர்களில் ஒருவருக்காவது சரியான விடை தெரியாது என்பது வேறு விஷயம். ஒரு வியாபாரப் பெயரே பண்டத்தின் பெயராகிவிட்டால் வரும் சங்கடம் இது. பெயர் நாவில் நிற்கிறது. பொருள் மறைந்து போகிறது. சோயா மொச்சை என்னும் பயறிலிருந்து எண்ணெயை எடுத்த பிறகு மிஞ்சும் மாவை, யந்திரத்தில் சூடும் அழுத்தமும் கொடுத்துப் பிதுக்கிப் பொரிய வைத்தால் வருவதே மீல் மேக்கர். 1960-களில் அமெரிக்காவில் உருவான முறை அது.

பையன் சொன்னதைச் சிரித்து விட்டுவிடலாம். ஆனால், சில வாரங்களுக்கு முன் பள்ளிக்கூடத்துக்கு வந்த ஒரு தாயார் கேட்ட கேள்வியை அப்படி விட முடியவில்லை. அந்த அம்மாள் பீடி சுற்றி ஜீவனம் செய்கிறவர். மகள் ஏழாம் வகுப்பில் படிக்கிறாள். வயதுக்கேற்ற வளர்த்தி இல்லை. காலையில் வரிசையில் நிற்கும்போது இரண்டு முறை மயங்கி விழுந்தும் இருக்கிறாள். "சார், பாலு வாங்கிக் கட்டுப்படியாகலெ. மீல் மேக்கர்ல பாலைவிடச் சத்து இருக்குன்னு கடையிலெ அண்ணாச்சி சொல்லுதாவ. பாலை நிறுத்திட்டு அதையே வாங்கிப் போட்டா பிள்ளைக்குப் போதுமா?" என்று கேட்டார். முதலில் பெண்ணைப் பெரியாஸ்பத்திரியில் காட்டி இரத்தத்தைப் பரிசோதிக்க வேண்டும் என்றும், அதுவரை பாலை நிறுத்த வேண்டாம் என்றும் சொல்லி அனுப்பினேன். ஆனால் கேள்விக்கு முழு விடை இரண்டு வார்த்தையில் அடங்குவதன்று. நம் தேசத்தில் பெரிய மனிதர்களும் ஆராய்ச்சிக்காரர்களும் ஏறத்தாழ தொண்ணூறு வருஷங்களுக்கு முன்பே எழுப்பிய கேள்வி அது. ஆகையால் இந்த வாரம் சோயாவைப் பற்றி எழுதத் தீர்மானித்தேன்.

சோயாவின் பெயரே ஒரு வேடிக்கை. ஜப்பானியர் தங்கள் சமையலில் சேர்க்கும் உப்புக் கரிப்பான கறுப்புச் சாற்றுக்கு 'ஷோயு' என்று பெயர். அது டச்சு வியாபாரிகளின் வாயில் 'சோயா' ஆகி, ஐரோப்பாவுக்குப் போய்ச் சேர்ந்தது. சாறு முதலில் அறிமுகமாயிற்று. அது எந்தப் பயறிலிருந்து வருகிறது என்பது பிற்பாடுதான் அங்கே விளங்கிற்று. எனவே சாற்றின் பெயரையே பயறுக்கும் சூட்டிவிட்டார்கள். உளுந்தைக் காணாமல் வடையை மாத்திரம் கண்ட ஒருவன், பிறகு உளுந்துக்கு 'வடைப் பயறு' என்று பெயர் வைத்தால் எப்படி இருக்கும்? அப்படித்தான்.

செடி சீனத்துச் செடி. அங்கே மூவாயிரம் வருஷத்துக்குக் குறையாமல் பயிராகி வருகிறது. பார்ப்பதற்கு நம் உளுந்துக்கும் தட்டைப் பயறுக்கும் ஒன்றுவிட்ட சகோதரம் போல இருக்கும்: முழங்கால் உயரம் முதல் இடுப்பு உயரம் வரை நிமிர்ந்து நிற்கும் தண்டு, மும்மூன்றாக இலை, கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் சிறிய ஊதாப் பூ அல்லது வெள்ளைப் பூ, உடம்பெல்லாம் மயிர் படர்ந்த காய், காய்க்குள் இரண்டு முதல் நான்கு மணி. மற்றப் பயறுகளைப் போலவே வேரில் முடிச்சு விட்டு, அதில் வாழும் நுண்ணுயிர்களின் உதவியால் காற்றிலுள்ள நைட்ரஜனை உரமாக்கிக்கொள்ளும். ஆனால் அதற்கு உகந்த நுண்ணுயிர் அதற்கென்றே தனியாக உண்டு. சோயா விளைந்தறியாத மண்ணில் அது பெரும்பாலும் இராது. ஆகவே புதிய நிலத்தில் விதைப்பவர்கள் அந்த நுண்ணுயிரை விதையோடு கலந்தே விதைக்க வேண்டும்.

அன்னிய நாட்டுச் செடி என்பதற்காகக் குற்றாலத்தார் எதையும் வெறுப்பவர்கள் அல்லர். கிழக்கிந்தியக் கம்பெனியார் இந்த மலைச்சாரலில் சாதிக்காய், கிராம்பு, இலவங்கப் பட்டை முதலியவற்றை வைத்து வளர்த்துப் பார்த்தார்கள். மலாய் நாட்டிலிருந்து வந்த மங்குஸ்தானும் ரம்புட்டானும் இன்று சாரல் காலத்தில் கடைக்குக் கடை தொங்குகின்றன. குளித்துவிட்டு வருகிறவர்கள் அவற்றைக் குற்றாலத்துக்கே உரிய பழங்கள் என்று நினைத்து வாங்கிப் போகிறார்கள். அப்படியானால் சோயா மாத்திரம் ஏன் நம் வயல்களில் பரவவில்லை?

இதற்கு ஒரு காரணம் சூரியனிடத்தில் இருக்கிறது. 1920-ஆம் வருஷம் கார்னர், ஆலார்டு என்ற இரண்டு அமெரிக்க விஞ்ஞானிகள் ஒரு புதுமையான உண்மையை வெளியிட்டார்கள். 'பிலாக்ஸி' என்ற சோயா ரகத்தை அவர்கள் சில நாட்கள் இடைவெளி விட்டுப் பலமுறை விதைத்தார்கள். முன்னால் விதைத்தது முன்னால் பூக்க வேண்டும் அல்லவா? அப்படி நடக்கவில்லை, எல்லாம் ஏறக்குறைய ஒரே சமயத்தில் பூத்தன. செடி தன் வயதைப் பார்த்துப் பூக்கவில்லை, பகற்பொழுதின் நீளத்தைப் பார்த்துப் பூக்கிறது என்று கண்டார்கள். இரவு நீண்டால் சோயா பூத்துவிடும். கோடையில் பதினைந்து மணி நேரம் வெயில் அடிக்கும் நாட்டு ரகத்தைக் கொண்டுவந்து, ஏறத்தாழ 9 பாகை அட்சரேகையிலுள்ள தென்காசியில் விதைத்தால் என்ன ஆகும்? இங்கே ஆனி மாதத்துப் பகலும் பன்னிரண்டே முக்கால் மணியை எட்டுவதில்லை. செடி சாண் உயரம் வளர்வதற்குள் காலம் முடிந்துவிட்டது என்று எண்ணிப் பூத்து, நாலு காயைக் காட்டி நின்றுவிடும். இந்த வட்டாரத்துக்கு ஏற்ற ரகம் வேண்டும். கோயம்புத்தூர் வேளாண்மைப் பல்கலைக்கழகத்தார் கோ 1, கோ 2, கோ 3 என்று அத்தகைய ரகங்களை வெளியிட்டும் இருக்கிறார்கள். மற்றொரு தொல்லை விதை. நம் சீதோஷ்ணத்தில் சோயா விதை சேமித்து வைத்தால் சீக்கிரமே முளைப்புத் திறனை இழந்துவிடும். சங்கரன்கோவில் பக்கத்துக் கரிசலில் உளுந்தும் பாசிப் பயறும் போடுகிற சம்சாரி, பானையில் சாம்பல் கலந்து வைத்த விதையை அடுத்த வருஷம் நம்பி விதைக்கிறான். சோயா அந்த நம்பிக்கைக்கு உட்படுவதில்லை.

இந்தியாவுக்கே சோயா புதிது என்று எண்ணிவிட வேண்டாம். குமாவோன் மலைநாட்டில் கறுப்புச் சோயாவை 'பட்' என்று அழைத்து, நெடுங்காலமாகக் குழம்பு வைத்துச் சாப்பிட்டு வருகிறார்கள். நாகர்கள் 'அகுனி' என்றும், மணிப்பூரிகள் 'ஹவாய்ஜார்' என்றும், காசி மலையார் 'துங்ரிம்பாய்' என்றும், சிக்கிமிலும் டார்ஜிலிங்கிலும் 'கினிமா' என்றும் சொல்லும் பண்டங்கள் எல்லாம் சோயாவை வேகவைத்துப் புளிக்க வைத்தவையே. வாசனை கொஞ்சம் உக்கிரமாக இருக்குமாம். நம் வீட்டுக் கருவாட்டுக் குழம்பின் வாசனையைக் குறித்து அவர்கள் என்ன சொல்வார்கள் என்று நினைத்துப் பார்த்தால் இதில் குறை காண இடமில்லை. கடல் கடந்த நம்மவர்கள் இன்னும் சுலபமாகப் பழகிவிட்டார்கள். சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் தமிழ் முஸ்லிம்கள் கடை போட்டு விற்கும் மீ கோரெங்கில், சீனரின் சோயாக் கட்டி துண்டு துண்டாகக் கிடக்கும். இலங்கையில் சோளமும் சோயாவும் சேர்த்துச் செய்த 'திரிபோஷா' என்ற சத்துமா, 1970-களிலிருந்து கர்ப்பிணிகளுக்கும் குழந்தைகளுக்கும் வழங்கப்பட்டு வருகிறது.

இனிப் பாலின் கதைக்கு வருவோம்.

1934 ஜனவரியில் காந்தியடிகள் தீண்டாமை ஒழிப்பு யாத்திரையாகக் குற்றாலத்துக்கு வந்தார். தாழ்த்தப்பட்டவர்களுக்கு உரிமையில்லாத அருவியில் தாமும் குளிப்பதில்லை என்று சொல்லிக் குளிக்காமலே போனார். இது இந்த ஊரார் பலரும் கேட்டறிந்த செய்தி. மறு வருஷமே வார்தாவில் அவருடைய பார்வை சோயாவின்மேல் விழுந்தது என்பது அவ்வளவாகத் தெரியாத செய்தி.

பால் காந்தியடிகளுக்கு நெடுநாளைய சங்கடம். பசும்பாலையும் எருமைப் பாலையும் விட்டுவிட்டதாக விரதம் கொண்டவர், 1918-19-ல் கடுமையாக நோய்ப்பட்டபோது உயிர் தரிக்க வேண்டி ஆட்டுப் பால் சாப்பிடச் சம்மதித்தார். அது அவருடைய மனத்தை உறுத்திக்கொண்டே இருந்தது. பாலின் குணமெல்லாம் உடைய ஒரு தாவர ஆகாரம் உண்டானால் சொல்லுங்கள் என்று சுயசரிதையில் வைத்தியர்களை வேண்டியிருக்கிறார். விரதம் ஒரு பக்கம் இருக்க, பால் என்பதையே கண்ணால் காணாத லட்சக்கணக்கான கிராமக் குழந்தைகளைப் பற்றிய கவலையும் அவருக்கு இருந்தது. 1934 டிசம்பரில் அகில இந்திய கிராமக் கைத்தொழில் சங்கம் உதயமாயிற்று. அதன் காரியதரிசி நம் தஞ்சாவூரில் பிறந்த ஜே. ஸி. குமரப்பா. சங்கத்தின் இருப்பிடமான மகன்வாடியில் செக்கு, கைக்குத்தல் அரிசி, வெல்லம், கீரை என்று ஒவ்வொன்றாகப் பரீட்சித்துப் பார்த்தார்கள். அந்த வரிசையில் 1935-ல் சோயாவும் வந்தது. ஆசிரமவாசிகள் தினந்தோறும் அதை வேகவைத்துச் சாப்பிட்டார்கள். காந்தியடிகள் 'ஹரிஜன்' பத்திரிகையில் அதைப் பற்றி எழுதினார். அதே காலத்தில் பரோடா சமஸ்தானத்தில் உணவு ஆராய்ச்சி அதிகாரியாக இருந்த எப். எஸ். காலே, சோயாவின் சாகுபடியையும் சமையலையும் குறித்து ஒரு பெரிய புத்தகமே 1936-ல் வெளியிட்டார். ஏழையின் பால் அகப்பட்டுவிட்டது என்று பலர் உற்சாகம் கொண்டார்கள்.

உற்சாகத்துக்குக் காரணம் இல்லாமல் இல்லை. நூறு பங்கு துவரம் பருப்பில் புரதம் ஏறத்தாழ 22 பங்கு, உளுந்தில் 24. சோயாவிலோ ஏறத்தாழ 40! அதற்குமேல் எண்ணெய்ச் சத்து 20 பங்கு. மற்றப் பருப்புகளில் எண்ணெய் பெயரளவில்தான் உண்டு. கணக்கைப் பார்த்த மாத்திரத்தில் எவருக்கும் மயக்கம் உண்டாகும்.

ஆனால் கணக்கு வேறு, குழந்தையின் உடம்பு வேறு. அந்த வித்தியாசத்தை அளந்து பார்த்தவர்கள் நம் நீலகிரியில் இருந்தார்கள். குன்னூரில் ராபர்ட் மக்காரிஸன் தொடங்கிய உணவு ஆராய்ச்சிச் சாலைக்கு 1935-ல் ஐக்ராய்டு என்பவர் தலைவரானார். (அந்தச் சாலைதான் 1958-ல் ஹைதராபாத்துக்குப் பெயர்ந்து, இன்று தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் என்று விளங்குகிறது.) அவரும் கிருஷ்ணன் என்ற நம்மவரும் விடுதிகளில் இருந்த குழந்தைகளைப் பிரிவு பிரிவாகப் பிரித்து, எல்லோருக்கும் வழக்கமான சோற்றுச் சாப்பாட்டையே கொடுத்து, அதனோடு ஒரு பிரிவுக்குக் கொழுப்பு நீக்கிய பாலும் மற்றொரு பிரிவுக்குச் சோயாவும் சேர்த்துக் கொடுத்தார்கள். உயரத்தையும் எடையையும் அளந்து வந்தார்கள். 1937-ல் முடிவு வெளியாயிற்று. பால் பெற்ற குழந்தைகள் தெளிவாக முன்னேறியிருந்தார்கள். சோயா பெற்ற குழந்தைகளிடம் அத்தகைய முன்னேற்றம் காணவில்லை.

இந்த ஆராய்ச்சியைப் படித்தபோது நான் ஐக்ராய்டின் முடிவைவிட அவர் கேட்ட கேள்வியின் முறையைத்தான் அதிகம் மெச்சினேன். பயறில் என்ன இருக்கிறது என்று மட்டும் அவர் கேட்கவில்லை. இந்தக் குழந்தையின் தட்டில் என்ன இல்லை என்று கேட்டார். அரிசிச் சோறும் கொஞ்சம் பருப்பும் சாப்பிடும் குழந்தைக்குப் புரதம் மாத்திரமா குறைவு? எலும்புக்கு வேண்டிய சுண்ணாம்புச் சத்தும், ரைபோஃப்ளேவின் என்ற ஜீவசத்தும் குறைவு. பால் இவற்றையும் கொண்டுவந்தது. சோயாவால் அவ்வளவு கொண்டுவர முடியவில்லை. பசும்பால் நூறு மில்லியில் சுண்ணாம்புச் சத்து ஏறத்தாழ 120 மில்லிகிராம். வீட்டில் அரைத்து வடித்த சோயாப் பாலில் அதில் கால் பங்குகூடத் தேறாது. பி-12 என்ற ஜீவசத்து பாலில் உண்டு. எந்தப் பயறிலும் கிடையாது.

சோயாவுக்கு அநியாயம் செய்யவும் கூடாது. புரதத்தின் தரத்தை மாத்திரம் எடுத்துக்கொண்டால், இன்று உலகத்தில் வழங்கும் அளவுகோல்களின்படி நன்றாகப் பக்குவம் செய்த சோயாப் புரதம் பாலுக்கு வெகு அருகில் நிற்கிறது; மற்றப் பருப்புகள் அதற்குக் கீழேதான் நிற்கின்றன. பக்குவம் என்ற சொல்லைக் கவனிக்க வேண்டும். 1917-லேயே ஆஸ்பர்ன், மெண்டல் என்ற இரு அமெரிக்கர்கள் எலிகளை வைத்துச் சோதித்து, பச்சைச் சோயாவைத் தின்ற எலி வளரவில்லை, வேகவைத்ததைத் தின்ற எலி வளர்ந்தது என்று காட்டினார்கள். பச்சைப் பயறில் நம் ஜீரண நீரை வேலை செய்யவிடாமல் தடுக்கும் ஒரு பொருள் இருக்கிறது. ஈரமும் சூடும் சேர்ந்தால்தான் அது அழியும். ஆகையால் பாசிப் பயறைப் போல முளை கட்டிப் பச்சையாகத் தின்னும் வழக்கம் சோயாவுக்கு ஒவ்வாது.

இத்தனை நல்ல பயறு நம் அடுப்படிக்கு ஏன் வரவில்லை? பிரசாரம் செய்தவர்கள் சத்தைப் பற்றிச் சொன்ன அளவுக்குச் சமையலைப் பற்றிச் சொல்லவில்லை என்பது என் அபிப்பிராயம். துவரம் பருப்பு அரைமணியில் குழைந்து சாம்பாராகும். சோயா எவ்வளவு நேரம் கொதித்தாலும் மசியாது. பருப்பு என்று நினைத்துச் சாம்பாரில் போட்ட வீட்டு அம்மாள், மாலையில் அதை மாட்டுக்கு வைத்துவிட்டு, மறுபடி அந்தப் பக்கம் திரும்ப மாட்டாள். உளுந்துக்கு இருக்கும் பசைத்தன்மை அதற்கு இல்லை. ஆகவே உளுந்தை முழுதும் நீக்கிவிட்டுச் சோயாவைப் போட்டால் இட்லி எழும்பாது. அரைத்தால் ஒரு பச்சை வாசனை வேறு. சீனத்தார் பாட்டி காலத்திலிருந்து அதைப் பாலாக்கி, கட்டியாக்கி, புளிக்க வைத்துப் பழகினார்கள். நமக்குப் பயறு மாத்திரம் வந்தது, பாட்டி வரவில்லை.

ஆகாரமாக வர மாட்டேன் என்ற பயறு, பிற்பாடு வியாபாரமாக வந்தது. 1960-களில் ஜபல்பூர், பந்த்நகர் விவசாயப் பல்கலைக்கழகங்கள் அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தின் துணையோடு புதிய ரகங்களைக் கொண்டுவந்தன. மாளவ தேசத்துக் கரிசல் பூமி மழைக்காலத்தில் தரிசாகக் கிடப்பது வழக்கம். அந்தத் தரிசில் சோயா புகுந்தது. 1970-71-ல் நாடு முழுவதும் சேர்ந்து 30,000 ஹெக்டேர் அளவில் இருந்த சாகுபடி, இன்று 1 கோடி ஹெக்டேரையும் தாண்டிவிட்டது. உலகத்தில் பிரேஸில், அமெரிக்கா, அர்ஜென்டினா, சீனா இவற்றுக்கு அடுத்த ஸ்தானம் நமக்கு. ஆனால் ஹெக்டேருக்கு விளைச்சல் ஏறத்தாழ ஒரு டன்தான். பிரேஸிலில் அதைப்போல மூன்று பங்கு.

விளைவதெல்லாம் எங்கே போகிறது? நூறு கிலோ பயறிலிருந்து 18 கிலோ எண்ணெய் எடுக்கிறார்கள். அது அப்பளம் பொரிக்கப் போகிறது. மிஞ்சும் 80 கிலோ புண்ணாக்கில் பெரும் பகுதி கோழித் தீவனமாகிறது. ஒரு பகுதி கப்பல் ஏறுகிறது. மனிதன் நேராக உண்பது அற்பம். சங்கரன்கோவில், குருவிகுளம் பக்கத்துக் காடுகளில் விளையும் மக்காச்சோளமும் நாமக்கல்லுக்கும் பல்லடத்துக்கும் போய், அங்கே மாளவத்துச் சோயாப் புண்ணாக்கோடு சேர்ந்து, முட்டையாகவும் கறியாகவும் நம்மிடம் திரும்பி வருகிறது. முட்டை நல்ல ஆகாரம். நம் பள்ளிக்கூடத்துச் சத்துணவிலும் அது இடம் பெற்றிருப்பது சந்தோஷமே. ஆனால் இத்தனை சோயா விளைவித்தும், பல லட்சம் டன் சோயா எண்ணெயை வருஷந்தோறும் வெளிநாடுகளிலிருந்து நாம் தருவிக்கிறோம் என்பதைப் படிக்கும்போது, மகன்வாடியில் அதை வேகவைத்துத் தின்றவர்களின் நினைவு வருகிறது.

சரி, தென்காசியில் ஒரு சாதாரணக் குடும்பம் என்ன செய்யலாம்? மீல் மேக்கரை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அதில் பாதிக்குப் பாதி புரதம். கொழுப்பு வெகு சொற்பம். ஆனால் நூறு கிராம் உருண்டை என்று பொட்டலத்தில் போட்ட கணக்கு உலர்ந்த நிலையில் சொன்னது. தண்ணீரில் ஊறினால் அது இரண்டு மூன்று மடங்காகிவிடும். பிரியாணியில் தட்டுக்கு ஐந்து உருண்டை விழுந்தால் அதில் பாலைவிடச் சத்து என்று பெருமை கொள்ள ஒன்றும் இல்லை. உப்புப் போட்ட கொதிநீரில் ஐந்து நிமிஷம் இட்டு, குளிர்ந்த தண்ணீரில் இரண்டு முறை அலசிப் பிழிந்துவிட்டுக் குழம்பில் சேர்த்தால் வாசனை போய்விடும்.

பயறாகவே வாங்குவது எனக்கு இன்னும் உசிதமாகத் தோன்றுகிறது. எண்ணெய்ச் சத்தும் உடன் கிடைக்கிறது. அனேகமாக விலையும் நயம். அதற்கு ஒரு சூட்சுமம் உண்டு. அரைப்பதற்கு முன்னால் பயறைக் குளிர்ந்த தண்ணீரில் இடாமல், தளதளவென்று கொதிக்கும் தண்ணீரில் நேராகப் போட்டு இருபத்தைந்து நிமிஷம் கொதிக்கவிட வேண்டும். பச்சை வாசனை என்பது பயறில் முன்பே இருப்பதன்று. பயறு உடைந்து ஈரம் பட்டவுடன் அதிலுள்ள ஒரு நொதி எண்ணெய்ச் சத்தோடு கலந்து உண்டாக்குவது. கொதிநீர் அந்த நொதியை முந்திக்கொண்டு அழித்துவிடும். தண்ணீரை இறுத்து, தேய்த்துத் தோலை நீக்கி, வெயிலில் நன்றாகக் காயவைத்து, ஒன்பது பங்கு கோதுமைக்கு ஒரு பங்கு வீதம் சேர்த்து மாவு மில்லில் கொடுத்து அரைத்துக்கொள்ளலாம். போபாலிலுள்ள மத்திய வேளாண் பொறியியல் நிறுவனம் சோயாப் பக்குவத்துக்கென்றே ஒரு பிரிவு வைத்து நடத்துகிறது. வட இந்தியாவில் இந்தக் கலப்பு மாவு ஓரளவு பரவியிருக்கிறது. நம் வீட்டில் கோதுமைக்குப் பதில் கேழ்வரகு என்று வைத்துக்கொண்டால் அதைவிட விசேஷம். கேழ்வரகு நூறு கிராமில் 340 மில்லிகிராமுக்குக் குறையாமல் சுண்ணாம்புச் சத்து இருக்கிறது. சோயாவிடம் போதாததைக் கேழ்வரகு கொடுக்கிறது. கேழ்வரகிடம் போதாத புரதத்தைச் சோயா கொடுக்கிறது.

சுண்டல் செய்வோர் இரவு முழுவதும் ஊறவைத்து, ஊறிய தண்ணீரைக் கொட்டிவிட்டு, குக்கரில் கடலைக்கு விடுவதைவிட அதிகமாகவே விசில் விட வேண்டும். தேங்காய்த் துருவலும் மாங்காய்த் துண்டும் சேர்ந்தால் என் வகுப்புப் பிள்ளைகள் ஒரு மணியும் மிச்சம் வைப்பதில்லை. அடைக்கு அரைக்கும்போது பருப்பில் கால் பங்கு சோயாவாக இருக்கலாம்.

சோயாக் கட்டியைக் கடையில் 'டோஃபு' என்று குளிர்ப்பெட்டியில் வைத்து விற்கும் விலைக்கு வாங்குவானேன்? ஊறிய பயறைக் கொதிநீர் விட்டு அரைத்து, துணியில் வடிகட்டி, வந்த பாலை அடி பிடிக்காமல் பத்து நிமிஷம் கொதிக்கவிட்டு இறக்கி, கொஞ்சம் ஆறியதும் எலுமிச்சைச் சாற்றைத் தண்ணீரில் கலந்து சிறிது சிறிதாக விட்டால் திரைந்துவிடும். துணியில் கட்டி மேலே அம்மிக் குழவியை ஏற்றி வைத்தால் ஒரு மணி நேரத்தில் கட்டி தயார். புளியங்குடி எலுமிச்சை நம் பக்கத்தில் இருக்கும்போது இதற்கு வேறு சரக்கு வேண்டியதில்லை. சீனத்தார் சுண்ணாம்புச் சார்புள்ள உப்பைப் போட்டுத் திரைய வைப்பார்கள். அவர்களுடைய கட்டியில் சுண்ணாம்புச் சத்து அதனால்தான் அதிகம். எலுமிச்சையில் திரைந்ததற்கு அந்த லாபம் இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். வடிகட்டிய துணியில் நிற்கும் சக்கையைக் கொட்டிவிடக் கூடாது. வெங்காயம், பச்சை மிளகாய் சேர்த்து வடையாகத் தட்டலாம், அல்லது அடை மாவில் கலக்கலாம்.

இன்னும் மூன்று எச்சரிக்கைகள் பாக்கி. ஒரு வயது நிரம்பாத குழந்தைக்குத் தாய்ப்பாலுக்கோ வைத்தியர் சொன்ன பாலுக்கோ பதிலாக வீட்டில் செய்த சோயாப் பாலைக் கொடுக்கவே கூடாது. தைராய்டுக்கு மாத்திரை சாப்பிடுகிறவர்கள் மாத்திரையையும் சோயாவையும் ஒரே வேளையில் சேர்க்காமல் சில மணி நேரம் இடைவெளி விட வேண்டும். மருந்து உடம்பில் சேர்வதை அது குறைக்கும். சிலருக்குச் சோயா ஒவ்வாமல் தடிப்பும் அரிப்பும் உண்டாகும். அவர்கள் அந்தப் பக்கமே போக வேண்டியதில்லை.

பீடி சுற்றும் அந்த அம்மாளைப் போன்றவர்களுக்கு நான் சொல்லும் கணக்கு இதுதான்: காசு இருக்கும் மட்டும் பெண்ணுக்கு ஒரு டம்ளர் பால், பள்ளிக்கூடத்து முட்டையை அவள் தட்டாமல் சாப்பிடுகிறாளா என்று கவனித்தல், வாரத்தில் மூன்று நாள் முருங்கைக் கீரை, காலையில் சோயா கலந்த கேழ்வரகுக் கூழோ அடையோ, பிரியாணி உருண்டை தீபாவளிக்கும் திருவிழாவுக்கும் இருக்கட்டும். சோயா மாவு ஒரு மாதத்துக்குமேல் வைத்தால் காறல் வாடை வந்துவிடும். ஆகையால் கொஞ்சமாக அரைத்து, மூடி இறுகிய டப்பாவில் வைத்துக்கொள்வது நல்லது. சாரல் நாட்களில் அதுவும் போதாது. பதினைந்து நாளைக்கு ஒருமுறை அரைத்துக்கொள்ள வேண்டும்.